சம்பளத்தைப் பிடிக்க யாரால் முடியும்?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தச் சம்பளம் மாதம் 34,000 ரூபாய். அப்பாவின் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக இரண்டு கிரெடிட் கார்டையும் முழுக்கத் தேய்த்துவிட்டேன். ஓவர்டைம் நின்றதும் கட்ட முடியவில்லை. முதல் கார்டில் 1,86,000 பாக்கி இருந்தது. கடைசியாகப் பணம் கட்டி இரண்டே கால் வருடம் ஆகிறது. இப்போது 3,94,000 கேட்கிறார்கள். இரண்டாவது கார்டில் 74,000, மூன்று மாதமாகக் கட்டவில்லை. போன வாரம் ஏஜென்ட் எங்கள் ஹெச்.ஆர். அதிகாரிக்கே போன் செய்து, "உங்க ஆளோட சம்பளத்தை அட்டாச் பண்ணப் போறோம்" என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் சம்பள ஜப்தி உத்தரவு என்று ஒரு பி.டி.எஃப்.பும் வந்திருக்கிறது, இணைத்துள்ளேன். 5,000 ரூபாய் டோக்கன் கட்டினால் நிறுத்தி வைக்கிறேன் என்கிறார். கட்டலாமா? வேலை போய்விடுமா? அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கும் என் மனைவியின் சம்பளத்துக்கும் ஆபத்து உண்டா?

பதில்:

முதலில் அந்த 5,000 ரூபாயைக் கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய பி.டி.எஃப்.பைப் பார்த்துவிடுவோம்.

மேலே அசோகச் சின்னம், நடுவில் சிவப்பு எழுத்தில் "இறுதி எச்சரிக்கை", கீழே வட்ட முத்திரை. எல்லாம் இருக்கிறது, வழக்கு எண் மட்டும் இல்லை. எந்த ஊர்க் கோர்ட், எந்த நீதிபதி, டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) எந்தத் தேதியில் ஆனது என்ற விவரம் எதுவும் இல்லை. மாறாக "420 பிரிவின்படி 24 மணி நேரத்தில் கைது" என்று ஒரு வரி. சம்பள ஜப்தி முழுக்க முழுக்க சிவில் விவகாரம். அதற்குள், பழைய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவாக இருந்த 420-க்கு வேலையே கிடையாது. இன்னொன்று: உண்மையான சம்பள ஜப்தி உத்தரவு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வராது. சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரிக்கு, அதாவது உங்கள் கம்பெனிக்கு, கோர்ட் அனுப்பும். அதில் வழக்கு எண்ணும், நிறைவேற்று மனுவின் எண்ணும் (எங்கள் கோர்ட் பாஷையில் இ.பி. நம்பர்), எவ்வளவு தொகைக்கு என்பதும் இருக்கும். உங்களிடம் இருப்பது ஏஜென்சி ஆபீஸில் உட்கார்ந்து யாரோ தயாரித்த காகிதம்.

சந்தேகம் தீர வேண்டுமானால் கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நாட்டில் எந்த மாவட்டக் கோர்ட்டில் வழக்குப் போட்டாலும் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று விழும். ஏஜென்டிடம் அந்த எண்ணை மட்டும் கேளுங்கள். "அதெல்லாம் லீகல் டீம்கிட்ட இருக்கு" என்பார். வேறு பதில் வருவது அபூர்வம்.

நம் ஊரில் "சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்" என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன் வாங்கினால் மாதாமாதம் சம்பளத்தில் கழித்துத்தான் மீதி கைக்கு வரும். அது நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத்தின் பேரில் நடப்பது. கிரெடிட் கார்டுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. வங்கி கடிதம் எழுதியதற்காகவோ ஏஜென்ட் போன் செய்ததற்காகவோ உங்கள் ஹெச்.ஆர். ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது. அப்படிப் பிடித்தால் கம்பெனிதான் சிக்கலில் மாட்டும். வங்கி வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, அதில் கோர்ட் உத்தரவிட்டால்தான் பிடித்தம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-வது கட்டளையின் 48ஏ விதி தனியார் கம்பெனி ஊழியர்களுக்கானது. அந்த உத்தரவு வந்த பிறகு கம்பெனி பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகைக்கு கம்பெனியே பொறுப்பாகும். அதனால் அப்போது ஹெச்.ஆரிடம் போய்க் கெஞ்சிப் பயனில்லை.

சரி, நிஜமாகவே டிக்ரி ஆகி ஜப்தி வந்தால் எவ்வளவு போகும்? அதே சட்டத்தின் 60-வது பிரிவு ஒரு கணக்குச் சொல்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. உங்கள் 34,000-இல் 1,000 போக 33,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 11,000. ஆக, 23,000-ஐ எந்தக் கடன்காரரும் நெருங்க முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்குக் கணக்கு வேறு, உங்களுக்கு அது பொருந்தாது. இந்த 11,000-ஐயும் ஆயுளுக்கும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரே டிக்ரிக்காகத் தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால், அந்த டிக்ரிக்காக உங்கள் சம்பளத்தை மறுபடி ஜப்தி செய்யவே முடியாது. வெவ்வேறு டிக்ரிகள் என்றால், எல்லாம் சேர்த்து 24 மாதப் பிடித்தம் முடிந்ததும் 12 மாதம் கட்டாய இடைவெளி. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. உடல் உழைப்பையே நம்பியிருக்கும் கூலித் தொழிலாளியின் கூலியை இந்தப் பிரிவு முழுவதுமாகவே காப்பாற்றுகிறது. சூப்பர்வைசர் என்பதால் நீங்கள் அதில் வரமாட்டீர்கள்.

அந்த 11,000-ஐ 24-ஆல் பெருக்கினால் 2,64,000. 3,94,000 என்று மிரட்டும் வங்கி, வக்கீல் வைத்து, வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, கடைசியில் உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கக்கூடிய உச்சபட்சத் தொகை அவ்வளவுதான். இது வங்கிக்கும் தெரியும். செட்டில்மென்ட் பேசும்போது இந்த எண் உங்கள் மனதில் இருக்கட்டும். ஆனால் ஒன்று: 24 மாதம் முடிந்ததும் கடனே தீர்ந்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. டிக்ரிக்கு 12 வருட ஆயுள். உங்கள் பெயரில் மனை, வண்டி, வைப்புத்தொகை ஏதாவது இருந்தால் பாக்கிக்கு அவற்றின் பக்கம் வரலாம்.

இதுவரை சொன்னது தொலைவில் இருக்கும் ஆபத்து. பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. உங்களுடன் தொலைபேசியில் பேசியபோது ஒன்று சொன்னீர்கள்: இரண்டாவது கார்டு, அந்த 74,000 ரூபாய்க் கார்டு, உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் அதே வங்கியுடையது. கார்டு வாங்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பாக்கி வைத்தால் அதே வங்கியில் உள்ள உங்கள் கணக்கிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து அநேகமாக இருக்கும். வங்கிக்காரர்கள் இதை செட் ஆஃப் என்பார்கள். இதற்குக் கோர்ட்டும் வேண்டாம், டிக்ரியும் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு என்ற பாதுகாப்பை வங்கி இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 1-ம் தேதி சம்பளம் ஏறும், 2-ம் தேதி பார்த்தால் "லியன்" போட்டு முடக்கியிருப்பார்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அன்றைக்கே நின்றுவிடும். என்னிடம் வருகிற கார்டு வழக்குகளில் "சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்" என்று பதறி வருபவர்கள் பெரும்பாலும் இப்படி மாட்டியவர்கள்தான். கோர்ட் ஜப்தி அவர்களில் மிகச் சிலருக்கே.

ஆகவே இந்த மாதமே ஹெச்.ஆரிடம் வேறொரு வங்கியின் கணக்கு எண்ணைக் கொடுத்து சம்பளத்தை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கடனும் இல்லாத வங்கியாக இருக்க வேண்டும். இது சட்டத்துக்கு உட்பட்டதுதான், கூச்சப்பட வேண்டாம். கார்டு பாக்கிக்கு ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். ரத்து செய்யாமல், பணம் இல்லாத கணக்கில் அது மோதித் திரும்பினால் செக் பவுன்ஸ் போலவே கிரிமினல் வழக்குக்கு இடம் கொடுக்கும். கார்டு விவகாரத்தில் போலீஸ், கிரிமினல் என்று பேச நிஜமான வாய்ப்புள்ள ஓரிரு இடங்களில் அது ஒன்று. கட்ட முடியாமல் போனது மட்டுமே குற்றம் ஆகாது.

இனி அந்த டோக்கன். கடன் வசூலுக்கு வழக்குப் போட மூன்று வருடக் காலவரையறை இருக்கிறது. முதல் கார்டில் கடைசியாகக் கட்டி இரண்டே கால் வருடம் என்கிறீர்கள். இப்போது ஏன் திடீரென்று நெருக்குகிறார்கள் என்பதற்கு இதுவே பதில். மூன்று வருடம் முடிவதற்குள் நீங்கள் ஒரு சிறு தொகை கட்டினாலோ, "இவ்வளவு பாக்கி உண்மைதான், கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கலாம். 5,000 கொடுத்து அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தப் பணம் வட்டிக்குத்தான் போய்ச் சேரும். மாதம் 3.5 சதவீத வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதம் 4,130 ரூபாய். 1,86,000-க்கு 7,600-ஐத் தாண்டுகிறது. 5,000-ஐ விழுங்க அதற்கு ஒரு மாதம்கூட வேண்டாம்.

அதற்காக மூன்று வருடம் முடியும்வரை தலைமறைவாக இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கியது வாங்கியதுதான். போதாக்குறைக்கு, ஒளிந்துகொள்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வழக்கமாக நடப்பது இது: கடன் வாங்கியவர் ஏஜென்டுக்குப் பயந்து வீட்டை மாற்றுவார், சிம்மை மாற்றுவார். வங்கியின் பதிவில் பழைய விலாசமே இருக்கும். கோர்ட் சம்மன் அங்கே போகும், ஆள் இல்லை என்று கதவில் ஒட்டுவார்கள், அதுவும் பலிக்காவிட்டால் பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்கள். சம்மன் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எதிர்த்தரப்பு வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகும், வங்கி கேட்ட தொகைக்கே, வட்டியோடு. இவருக்கு விஷயம் தெரியவருவது ஹெச்.ஆர். கூப்பிட்டு கோர்ட் உத்தரவைக் காட்டும்போதுதான். அப்போதும் வழி இருக்கிறது. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் அதற்குள் ஓட வேண்டிய ஓட்டம் வேறு. எனவே வீடு மாறினால் வங்கியில் விலாசத்தை மாற்றுங்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், செய்யுங்கள்.

சம்மன் வந்தால் ஒரு நாள்கூட வீணாக்காதீர்கள். வங்கிகள் சில நேரம் 37-வது கட்டளையின் கீழ் சுருக்க வழக்குப் போடும். அதில் சம்மன் கைக்குக் கிடைத்த 10 நாட்களுக்குள் ஆஜராக வேண்டும், தவறினால் டிக்ரிதான். சாதாரண வழக்கு என்றால் எதிருரை, அதாவது உங்கள் தரப்புப் பதில், தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஆஜராகிவிட்டாலே நிலைமை பாதி மாறிவிடும். ஸ்டேட்மென்ட் ஒவ்வொன்றையும் தாக்கல் செய்யச் சொல்லலாம், தாமதக் கட்டணங்களைக் கேள்வி கேட்கலாம். வழக்குப் போட்ட நாளிலிருந்து என்ன வட்டி என்பதைத் தீர்மானிப்பது கோர்ட், கார்டு கம்பெனி அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். டிக்ரி போடும்போதே தவணை கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. டிக்ரி ஆன பிறகு கேட்டால் வங்கி சம்மதித்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நேரத்தில் போய் நிற்க வேண்டும்.

யூடியூபில் "30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பி வராதீர்கள். 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

லோக் அதாலத் நோட்டீஸும் வரலாம். அது மிரட்டல் அல்ல, சமரசத்துக்கான அழைப்பு. போகலாம், பேசலாம், ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் திரும்பலாம். ஆனால் கையெழுத்திட்டால் அது டிக்ரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. மாதம் 6,000 கட்ட முடிந்தவர் அந்த இடத்துப் பரபரப்பில் 12,000-க்கு ஒத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

இப்போது ஏஜென்ட். ஹெச்.ஆருக்குப் போன் செய்தது அப்பட்டமான விதிமீறல். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பாக்கி கேட்டு அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, பலர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது, குடும்பத்தினர், நண்பர்கள், விசாரிப்பதற்காக விண்ணப்பத்தில் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ம் தேதிச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் செய்கிற தவறுக்கு வங்கியே பொறுப்பு. வசூலுக்கு அடியாள் வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஒரு தனியார் வங்கியைக் கண்டித்ததும் உண்டு.

அடுத்த முறை அழைத்தால் வாக்குவாதம் வேண்டாம், அழவும் வேண்டாம். "உங்க பேர், ஏஜென்சி பேர், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் மூணையும் வாட்ஸ்அப் பண்ணுங்க. இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. இனி வங்கிக்கு இமெயில்லதான் பதில் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அன்றே வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து, என் அலுவலகத்தில் யாரிடம் என்ன பேசினார் என்று நான்கு வரி போதும். அந்தப் போலி உத்தரவை இணையுங்கள். கோர்ட் உத்தரவு போலவே காகிதம் தயாரித்து அனுப்புவது விளையாட்டு இல்லை, மெயிலில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். "எவ்வளவு பாக்கி" என்ற பேச்சை மட்டும் அதில் எடுக்காதீர்கள், காலவரையறை பற்றி மேலே சொன்னேனே. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு சி.எம்.எஸ். தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. உடல்ரீதியாக மிரட்டினால் மட்டும் காத்திருக்காமல் காவல் நிலையம் போங்கள்.

ஹெச்.ஆரிடம் நீங்களே போய்ப் பேசிவிடுவது நல்லது. "மருத்துவச் செலவில் ஏற்பட்ட கார்டு பாக்கி, கோர்ட் உத்தரவு எதுவும் இல்லை, வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லி மெயிலின் நகலைக் காட்டுங்கள். கார்டு பாக்கிக்காகத் தனியார் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியதாக ஒரு கேஸ்கூட என்னிடம் வந்ததில்லை.

செட்டில்மென்ட்டைப் பொறுத்தவரை, இரண்டு கார்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். 74,000 ரூபாய்க் கார்டு இன்னும் மூன்று மாத பாக்கிதான். அதை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள், கிடைக்க வாய்ப்புண்டு. 1,86,000 ரூபாய்க் கார்டுக்கு ஒரே தடவையில் கொடுக்கக் கையில் பணம் சேர்ந்த பிறகு பேசுங்கள், வெறும் கையோடு பேசினால் பேச்சு நீளும். எந்தத் தொகை முடிவானாலும் வங்கியின் அதிகாரப்பூர்வ மெயில் முகவரியிலிருந்து செட்டில்மென்ட் கடிதம் வந்த பிறகே பணம். அதுவும் கார்டு கணக்குக்கே நேராக. ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு நூறு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முடிந்ததும் நோ டியூ சான்று வாங்குங்கள். சிபில் அறிக்கையில் "செட்டில்ட்" என்று பதிவாகி சில வருடம் இருக்கும், வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அது இடறும். முழுத் தொகையைக் கட்டினால் மட்டுமே "க்ளோஸ்டு". உங்கள் நிலைமையில் முதல் கார்டுக்கு "செட்டில்ட்" பரவாயில்லை என்பது என் கருத்து.

அப்பாவின் வீடு அவருடைய சொந்தச் சம்பாத்தியம் என்றால் உங்கள் கடனுக்கு அதைத் தொட முடியாது. பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்கு மட்டும் டிக்ரிக்குப் பிறகு கேள்விக்கு வரலாம், பத்திரத்தைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல முடியாது. மனைவி கார்டு ஒப்பந்தத்திலோ ஜாமீனிலோ கையெழுத்திடவில்லை என்றால் அவர் சம்பளத்துக்கு ஆபத்தில்லை. இருவர் பெயரிலும் ஜாயின்ட் கணக்கு இருந்தால் அதில் அவர் பணத்தை வைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து டி.வி.யைத் தூக்குவோம் என்றால், அந்த அதிகாரம் கோர்ட் வாரன்ட்டோடு வரும் அமீனாவுக்கு மட்டும்தான். அவரும் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றைத் தொட முடியாது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். போகும்போது இரண்டு கார்டுகளின் கடைசி ஆறு ஸ்டேட்மென்ட், கார்டு ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, அந்த பி.டி.எஃப். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள்.